கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில் எது இலவசம், எது கடன்?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்கள் பரபரப்பானவை. கல்லூரிகளிலிருந்து சேர்க்கைச் செய்தி வரும். கூடவோ, சில நாள் கழித்தோ நிதியுதவிக் கடிதம் வரும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்லியாக வேண்டும். இருக்கும் சில வாரங்களில் நான்கைந்து கல்லூரிகளின் கடிதங்களை ஒப்பிட்டு, வீட்டுக் கடனுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் எடுக்கும் மிகப் பெரிய பண முடிவை எடுக்கிறோம். அந்தக் கடிதத்தைப் படிக்கும் முறையை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை.

கற்பனையாக ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுச் செலவு 68,000 டாலர். அதன் கீழே உதவிகளின் பட்டியல்: கல்லூரியின் மானியம் 25,000; மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை 8,000; சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்போது அரசு வட்டியை ஏற்பது) 3,500; அன்சப்சிடைஸ்டு கடன் (அரசு வட்டியை ஏற்காதது) 2,000; வொர்க்-ஸ்டடி (மாணவர் வேலை செய்து ஈட்டுவது) 2,500; பேரன்ட் பிளஸ் கடன் (பெற்றோர் பெயரில் வாங்குவது) 20,000. கடைசி வரியில், மொத்த உதவி 61,000 டாலர். ஆக, கையிலிருந்து 7,000 டாலர் கொடுத்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் இதில் திருப்பித் தர வேண்டாத பணம் 33,000 மட்டும்தான். மீதி 35,000 டாலரை அந்தக் குடும்பம்தான் கொடுக்கப்போகிறது. கொஞ்சம் இப்போது, கொஞ்சம் மாணவரின் உழைப்பாக, பெரும்பகுதி வட்டியோடு பல ஆண்டுகளாக. கடிதத்தில் பிழையான எண் எதுவும் இல்லை. கூட்டக்கூடாதவற்றைக் கூட்டியதுதான் பிழை.

இது எங்கோ ஒரு கல்லூரியில் நடப்பதும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக இயங்கும் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் 91 விழுக்காடு கல்லூரிகள் குடும்பம் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையைக் கடிதத்தில் காட்டவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டின. கல்வித் துறை ஒரு மாதிரிப் படிவத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதையே பின்பற்ற வேண்டும் என்று பொதுவான கட்டாயம் கிடையாது. ஆகவே ஒரு கல்லூரி கடனைக் கடன் என்று எழுதும். இன்னொன்று வெறும் ‘அன்சப்’ என்று எழுதிவிட்டுப் போகும். கடன் என்ற சொல்லே இல்லாமல் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கடன் பட்டியலை அனுப்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செலவு என்று எதைச் சொல்கிறார்கள்?

கடிதத்தின் மேலே இருக்கும் தொகைக்கு ‘காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்’ என்று பெயர். கல்விக் கட்டணம் மட்டும் அல்ல, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, சொந்தச் செலவு எல்லாம் சேர்ந்த ஓராண்டு மதிப்பீடு அது. இதில் கல்லூரியே நேரடியாக ரசீது போட்டு வாங்கும் செலவுகள் ஒரு வகை. மாணவர் வெளியில் தாமாகச் செய்யும் செலவுகள் இன்னொரு வகை. சில கல்லூரிகள் இரண்டாவது வகையைக் கடிதத்தில் விட்டுவிடுகின்றன. அப்போது அந்தக் கல்லூரி மற்றதைவிட மலிவானதுபோல் தெரியும். ஒப்பிடும்போது எல்லாக் கடிதங்களிலும் ஒரே செலவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்; விடுபட்டதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மொத்தச் செலவிலிருந்து மானியத்தையும் உதவித்தொகையையும் மட்டும் கழித்தால் வருவது நிகர விலை, அதாவது ‘நெட் பிரைஸ்’. கல்லூரிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் வேறு இல்லை. கடனையும் வொர்க்-ஸ்டடியையும் இந்தக் கணக்கில் கழிக்கவே கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே தோராயமாக இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டாட்சி உதவி பெறும் கல்லூரிகள் தம் இணையதளத்தில் நிகர விலைக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும். 2011 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வருமானம், சேமிப்பு விவரங்களைப் போட்டால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று யோசிக்கும் நாளிலேயே இதைச் செய்து பார்ப்பது நல்லது.

ஃபாஃப்சாவும் எஸ்.ஏ.ஐ. எண்ணும்

உதவியெல்லாம் தொடங்குவது ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தில். கூட்டாட்சி அரசின் மானியம், கடன், வொர்க்-ஸ்டடி மூன்றுக்கும், பெரும்பாலான மாநில உதவிகளுக்கும் இது ஒன்றுதான் வாசல். கட்டணம் கிடையாது. நிரப்பித்தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். விண்ணப்பத்தில் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்று பெற்றோரைக் குறிப்பிடுவார்கள். தகவல் தர வேண்டியவர் என்பதுதான் அதன் பொருள். அதில் கையெழுத்திடுவதால் பெற்றோர் கல்லூரிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டதாக ஆகாது. வருமான வரித் துறையிலிருந்து தகவலை நேரடியாக எடுத்துக்கொள்ள ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும். யாராவது ஒருவர் மறுத்தாலும் கூட்டாட்சி உதவி கிடைக்காது.

இங்கே பார்க்கப்படும் வருமானம் இந்த ஆண்டின் வருமானம் அல்ல. 2026-27 கல்வியாண்டுக்கான விண்ணப்பம் 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கைப் பார்க்கிறது. இடையில் வேலை போயிருந்தாலும் அந்தப் படிவத்துக்குத் தெரியாது. இதற்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிவத்தின் விடையாக வருவது எஸ்.ஏ.ஐ., அதாவது மாணவர் உதவிக் குறியீடு. 2024-25க்கு முன் இதற்கு ‘எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு’ என்று பெயர் இருந்தது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றியது. குறியீடு இப்போது எதிர்மறையாகவும் வரலாம். மிகக் குறைந்தது மைனஸ் 1,500. எண் சிறியதாக இருந்தால் தேவை பெரிது என்று பொருள். குடும்பம் அந்தத் தொகையைத்தான் கட்ட வேண்டும் என்று நினைப்பது தவறு. அதைவிடப் பல மடங்கு கட்டுபவர்கள் ஏராளம். இந்த மாற்றத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் பெற்றோரின் பங்கை இரண்டாகப் பிரிப்பார்கள். புதிய கணக்கில் அந்தச் சலுகை இல்லை. இரட்டைப் பிள்ளைகளோ, ஓராண்டு ஈராண்டு இடைவெளியில் பிறந்த பிள்ளைகளோ இருக்கும் வீட்டில் இது பலத்த அடி.

சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதும் கணக்கை மாற்றும். பெற்றோரின் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 விழுக்காட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மாணவரின் பெயரில் உள்ளதில் 20 விழுக்காட்டை எடுப்பார்கள். குடியிருக்கும் வீடும், ஓய்வூதியக் கணக்குகளில் உள்ள இருப்பும் ஃபாஃப்சாவில் வராது. ஆனால் குடியிருக்காத வேறு வீடு, மனை, நிலம் வரும். அவை இந்தியாவில் இருந்தாலும் வரும். சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், கோவைப் பக்கம் வாங்கிப்போட்ட மனை ஆகியவற்றின் இன்றைய மதிப்பில் அவற்றின் மீதான கடனைக் கழித்து, டாலரில் மாற்றிக் குறிப்பிட வேண்டும். ‘அது ஊரில் இருக்கிறது, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்’ என்ற பேச்சு நம்மிடையே சாதாரணமாக இருக்கிறது. கூட்டாட்சி விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். அபராதமும் சிறையும்கூட நேரலாம்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் குழம்பும் இடம் விசா. கூட்டாட்சி உதவி பெற மாணவர் குடிமகனாகவோ, பச்சை அட்டை (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வைத்திருப்பவராகவோ, அகதி போன்ற சில வகைகளில் ஒன்றாகவோ இருக்க வேண்டும். எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது), எஃப்-1 (மாணவர்களுக்கானது) விசாவில் இருக்கும் மாணவருக்கு அந்த உதவி இல்லை. மூன்று வயதில் இங்கு வந்து, பள்ளி முழுவதும் இங்கேயே படித்த பிள்ளையாக இருந்தாலும் இல்லை. பச்சை அட்டை வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் வீடுகளில் இந்தச் செய்தி பதினேழாவது வயதில் போய்ச் சேர்கிறது. பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால் வேறு வழிகளைத் தேட நேரம் இருந்திருக்கும். மாநிலங்களின் விதிகள் வேறு வேறு. சில மாநிலங்களில் எச்-4 மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், கிடைக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில தனியார் கல்லூரிகள் குடியுரிமை பார்க்காமல் தம் சொந்தப் பணத்திலிருந்து தேவைக்கேற்ப உதவுகின்றன. மறுபக்கத்தில், பெற்றோர் எச்-1பி விசாவில் இருந்தாலும் இங்கு பிறந்த பிள்ளை குடிமகன்தான். அவருக்கு ஃபாஃப்சா உரிமை முழுமையாக உண்டு. பெற்றோரின் விசாவை நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவது வீண் இழப்பு.

பல தனியார் கல்லூரிகள் ஃபாஃப்சாவோடு நிற்பதில்லை; காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இரண்டாவது படிவத்தையும் கேட்கின்றன. இது இன்னும் நுணுக்கமாகத் தோண்டும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடக் கேட்கும். கல்லூரிக்குக் கல்லூரி கணக்கிடும் விதம் மாறும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கல்லூரிகள் முற்றிலும் வேறான தொகைகளைச் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மானியமும் உதவித்தொகையும்

மொத்தச் செலவில் எஸ்.ஏ.ஐ. எண்ணைக் கழித்தால் வருவதைத் ‘தேவை’ என்கிறார்கள். கல்லூரி அந்தத் தேவை முழுவதையும் நிரப்ப வேண்டிய கடமை இல்லை. நிரப்பாமல் விடும் பகுதிக்கு ‘கேப்’ என்று பெயர். ‘சேர்க்கையின்போது பணவசதியைப் பார்க்க மாட்டோம்’ என்று பெருமையாகச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. ‘முழுத் தேவையையும் நிறைவுசெய்வோம்’ என்பவையும் உண்டு. இரண்டும் வெவ்வேறு வாக்குறுதிகள். முதலாவதைச் சொல்லும் கல்லூரி இடம் கொடுத்துவிட்டு உதவி தராமல் போகலாம். இரண்டாவதைச் சொல்லும் கல்லூரிகூட அந்த நிறைவுக்குள் கடனைச் சேர்க்கலாம். பிரின்ஸ்டன் 2001இல் தன் உதவித் தொகுப்பிலிருந்து கடனை அறவே நீக்கி மானியமாக்கியது. பிறகு வசதி படைத்த வேறு சில கல்லூரிகளும் அவ்வழி சென்றன. பெரும்பாலான கல்லூரிகளிடம் அவ்வளவு பணம் இல்லை.

கூட்டாட்சி மானியங்களில் முதன்மையானது பெல் கிராண்ட். 1972இல் வேறு பெயரில் தொடங்கி, ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரை 1980இல் பெற்றது. 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். வாழ்நாளில் பன்னிரண்டு செமஸ்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். கல்லூரி மாறிக்கொண்டும் பாடம் மாற்றிக்கொண்டும் இருப்பவர்கள் இந்த வரம்பை மறந்துவிடுகிறார்கள்.

மதிப்பெண்ணுக்காகக் கிடைக்கும் உதவித்தொகையில் தொகையைவிட நிபந்தனைதான் முக்கியம். நான்கு ஆண்டுகளுக்கும் தொடருமா, முதலாண்டுக்கு மட்டுமா? தொடர எவ்வளவு ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும்? கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்போது தொகையும் ஏறுமா, அப்படியே நிற்குமா? முதலாண்டில் தாராளமாகக் கொடுத்து அடுத்த ஆண்டுகளில் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. வெளி அமைப்புகளிடமிருந்து உதவித்தொகை பெற்றால் அதைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். சில கல்லூரிகள் அதே அளவுக்குத் தம் மானியத்தைக் குறைத்துவிடும். குறைப்பதாக இருந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: உதவித்தொகையில் கட்டணம், புத்தகத்துக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கருதப்படும்.

வொர்க்-ஸ்டடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஒரு வேலைக்கான அனுமதி. மாணவர் வளாகத்தில் வேலை தேடிப் பிடித்து, செய்த மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குவார். செமஸ்டர் கட்டணம் கட்டும் நாளில் அந்தப் பணம் இருக்காது.

கடன் பகுதி

கூட்டாட்சிக் கடனில் மாணவர் பெயரில் வருபவை இரண்டு. சப்சிடைஸ்டு கடனில், குறைந்தது பாதி நேர மாணவராகப் படிக்கும் காலத்திலும் முடித்தபின் ஆறு மாதமும் வட்டியை அரசு ஏற்கிறது. இது தேவை உள்ளவர்களுக்கு மட்டும். அன்சப்சிடைஸ்டு கடனில் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். படிக்கும்போது கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் அது கண்ணில் படாது. 2025-26இல் இளநிலை மாணவருக்கு வட்டி 6.39 விழுக்காடு. முதலாண்டில் வாங்கிய 2,000 டாலருக்குப் பட்டம் பெற்று ஆறு மாதம் ஆகும்போது ஏறத்தாழ 500 டாலர் வட்டி சேர்ந்திருக்கும். அந்த வட்டி அசலோடு சேர்க்கப்பட்டால், அதன்பின் வட்டிக்கும் வட்டி. படிக்கும்போதே மாதம் பத்துப் பன்னிரண்டு டாலர் வட்டியாகக் கட்டிவந்தால் இதைத் தவிர்க்கலாம். கட்டத் தடை எதுவும் இல்லை.

வட்டி விகிதம் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பத்தாண்டு அரசுக் கடன்பத்திர ஏலத்தை ஒட்டி முடிவாகி ஜூலை 1 முதல் பொருந்தும். ஒருமுறை வாங்கிய கடனுக்கு விகிதம் கடைசிவரை மாறாது. ஆகவே நான்கு ஆண்டு படித்த மாணவர் கையில் நான்கு விதமான வட்டியோடு கடன்கள் இருக்கும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு உச்சவரம்பு உண்டு: முதலாண்டில் 5,500, இரண்டாமாண்டில் 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டில் முடித்தால் 27,000 டாலர். இந்த வரம்பு ஒரு வகையில் பாதுகாப்பு. ஒரு பட்டதாரியின் முதல் சம்பளத்தில் சமாளிக்கக்கூடிய அளவு இது என்றே நினைக்கிறேன்.

ஆபத்து இதற்கு வெளியே இருக்கிறது. பேரன்ட் பிளஸ் பெற்றோர் பெயரில் உள்ள கடன். பிள்ளை அடைப்பான் என்று வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். சட்டத்தின் முன் கடனாளி அப்பாவோ அம்மாவோதான். பிள்ளையின் பெயருக்கு அதை மாற்ற அரசுத் திட்டத்தில் வழி இல்லை. 2025-26இல் வட்டி 8.94 விழுக்காடு, தவிர 4.228 விழுக்காடு கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். 20,000 டாலருக்குக் கையெழுத்திட்டால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 19,154 டாலர். வட்டி முழுத் தொகைக்கும். முன்பு இந்தக் கடனை, மொத்தச் செலவில் மற்ற உதவிகள் போக மீதி முழுவதற்கும் வாங்கலாம் என்றிருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதே சட்டம் முதுநிலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடனைப் புதியவர்களுக்கு நிறுத்துகிறது. வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் புதிய திட்டத்திலும் பேரன்ட் பிளஸுக்கு இடம் இல்லை. ஐம்பது வயதில் இந்தக் கடனை ஏற்பவர் தம் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து அடைக்க நேரலாம். எனவே இந்த வரி கடிதத்தில் ‘உதவி’யாக அச்சிடப்பட்டிருந்தால் முதல் வேலையாக அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

எல்லை வந்ததால் மீதிப் பணத்துக்குத் தனியார் வங்கிகளை நோக்கிப் போவோர் கூடக்கூடும். அங்கே பெரும்பாலும் கூட்டுக் கையொப்பம் கேட்பார்கள். கூடக் கையெழுத்திடும் மாமாவோ அத்தையோ வெறும் சாட்சி அல்ல. மாணவர் கட்டத் தவறினால் முழுக் கடனும் அவர்கள் தலையில் விழும். வட்டி மாறும் வகையா, நிலையானதா என்று பார்க்க வேண்டும். அரசுக் கடனில் உள்ள தவணை ஒத்திவைப்பு, வருமானத்துக்கேற்ற தவணை போன்ற வசதிகளைத் தனியாரிடம் எதிர்பார்க்க முடியாது. அரசுக் கடனாயினும் தனியார் கடனாயினும், திவாலாகி நீதிமன்றம் போனாலும் கல்விக் கடன் எளிதில் தள்ளுபடி ஆகாது.

சேர்ந்த பிறகு

உதவி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஃபாஃப்சாவையும் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். மாணவர் ‘திருப்திகரமான முன்னேற்றம்’ காட்ட வேண்டும் என்பது விதி. பொதுவாக 2.0 ஜி.பி.ஏ.யும், பதிவுசெய்த பாடங்களில் 67 விழுக்காட்டை முடித்திருப்பதும் கேட்கப்படும். கடினமான பாடத்தை நடுவில் கைவிடும்போது மதிப்பெண் தப்பினாலும் இந்த விழுக்காடு குறையும். செமஸ்டரில் 60 விழுக்காடு நாள்கள் முடியும் முன் முழுவதுமாக விலகினால், பெற்ற கூட்டாட்சி உதவியில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டிவரும். உடல்நலமோ மனநலமோ குன்றிய பிள்ளை விலகுவதுதான் சரி என்றாலும், நாளைக் குறிக்கும் முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இரண்டு ஆண்டு பழைய வருமானத்தைப் பற்றிச் சொன்னேன். வேலை இழப்பு, பெற்றோரின் மறைவு, மணமுறிவு, காப்பீடு ஏற்காத பெரிய மருத்துவச் செலவு ஆகியவை நேர்ந்திருந்தால், படிவத்தின் எண்களைத் திருத்திக் கணக்கிடக் கல்லூரியின் நிதியுதவி அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. ‘புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்’ என்பார்கள். நம்மவர்கள் பலர் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். பேரம் பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். இது பேரம் அல்ல, அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், வருமானம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவ ரசீது போன்ற சான்றுகளை இணைக்க வேண்டும். இதே தரத்தில் உள்ள வேறொரு கல்லூரி அதிக மானியம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் அனுப்பலாம். தனியார் கல்லூரிகள் சில அதைப் பொருட்படுத்துவதுண்டு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனெனில் ஒரு கல்லூரி செய்யும் திருத்தம் இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. கல்லூரி மறுத்துவிட்டால் கல்வித் துறையிடம் மேல்முறையீடும் கிடையாது. பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே நிதியுதவிக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே அனுப்பினால்தான் மே 1க்குள் பதில் வரும் வாய்ப்பு இருக்கிறது.